நண்பன் இல்லாத வீட்டில் ஆறு நாள்

ஒசாக்காவில் புகையிரத நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் என் நண்பன் அல்ல, அவனுடைய தகப்பன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, என் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சனத்துக்குள் என்னைப் போல் கறுத்த ஆள் வேறு யாரும் இல்லை, அட்டை தேவையே பட்டிருக்காது. ஆனாலும் நான் கிட்டப் போய் "நான்தான்" என்று சொல்லும்வரை அவர் அதைத் தாழ்த்தவில்லை.

அது எண்பதுகளின் கடைசிப் பகுதி. நான் சுவிசுக்கு வந்து ஐந்து வருடமாகி, அகதி வழக்கு ஒருவாறு முடிந்து, வருட அனுமதி கையில் கிடைத்திருந்த நேரம். அதுவரை நான் இருந்த கன்டோன், அதாவது மாகாணத்தின் எல்லையைத் தாண்டுவதற்கே யோசித்துத் திரிந்த எனக்கு, இனி விமானம் ஏறலாம் என்பது நம்பமுடியாமல் இருந்தது. ஊருக்குப் போக வழியில்லை, அங்கே சண்டை. சுவிசில் என்னோடு வேலை செய்துவிட்டு ஒசாக்காவுக்குத் திரும்பிப் போயிருந்த ஜப்பானிய நண்பனுக்கு எழுதினேன்: "உன்னைப் பார்க்க வரட்டோ?" பதில் மூன்று கிழமையில் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சில். கீழே கையெழுத்துத் தகப்பனுடையது.

"என் மகன் இப்போது எங்களோடு இல்லை. அவன் சுகமாக இருக்கிறான் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் வாருங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்."

நான் இருந்த சுவிஸ் மலையூரான இன்டர்லாக்கனில் எனக்கு வேலை எடுத்துத் தந்த அண்ணை ஒருவர் பக்கத்து ஹோட்டல் சமையற்கட்டில் இருந்தார். கடிதத்தை அவரிடம் காட்டினேன்.

"உனக்கென்ன விசரோ? சிநேகிதன் இல்லாத வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறாய்?"

"ஏதோ கேக்க வேணுமாம் அண்ணை."

"கேக்கிறதெண்டால் கடிதத்திலேயே கேக்கலாம்தானே?"

"கடிதத்தில கேக்க ஏலாத விசயமா இருக்கும்."

அவர் கடிதத்தை இன்னொருதரம் வாசித்தார். மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப போ," என்றார். "பெத்த ஆக்கள் கூப்பிட்டால் போகத்தான் வேணும்."

அவர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். அதைச் சொல்வதற்கு, நானும் அவனும் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும்.

இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடியில், வேலையாட்களுக்கான அறை ஒன்றில் இரண்டரை வருடம் ஒன்றாக இருந்தோம். எனக்கு இருபத்தேழு வயது, அவனுக்கு இருபத்துநான்கு. நான் கோப்பை கழுவினேன். கோப்பையும் கிளாசும் கழுவி அடுக்கும் அந்த அறைக்குச் சுவிஸ் ஹோட்டல்களில் 'ஒஃபிஸ்' என்று பெயர். அதனால் 'எனக்கு ஒஃபிசில வேலை' என்று அம்மாவுக்கு எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை. அம்மா அதை எப்படி விளங்கிக்கொண்டார், ஊரில் யார் யாருக்குச் சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் திருத்தவில்லை.

அவன் பயிற்சிச் சமையல்காரனாக வந்தவன். கத்திகளை ஊரிலிருந்தே துணியில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தான். முதல் மாதம் நாங்கள் பெரிதாகக் கதைக்கவில்லை, இரண்டு பேருக்கும் ஜேர்மன் அரைகுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அறையில் வைத்திருக்கக்கூடாத சின்ன மின்னடுப்பில் நான் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவன் உள்ளே வராமல் நின்று மணந்து பார்த்தான். "சோறு," என்றான். பிறகு பானையை எட்டிப் பார்த்து, பருக்கைகள் தனித்தனியாகக் கிடந்ததைக் கண்டு முகம் சுளித்தான். சோறென்றால் ஒட்ட வேண்டுமாம். எனக்கோ ஒட்டினால் அது குழைந்துபோன சோறு. அந்தச் சண்டை இரண்டரை வருடமும் முடியவில்லை. பைக்கற்றுத் தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து நான் வைத்த சொதியை மட்டும் அவன் குறை சொல்லாமல் கோப்பையோடு குடிப்பான்.

இரண்டாவது கோடையில் ஜப்பானியர்கள் பஸ் பஸ்ஸாக வரத் தொடங்கினார்கள். அவர்களோடு கதைக்க ஹோட்டலில் ஆள் இல்லை. ஒருநாள் மனேஜர் அவனைச் சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டு, சிவப்பு வெயிஸ்கோட் ஒன்றைக் கொடுத்து முன்வாசலில் நிறுத்தினார். இரண்டு மாதத்துக்கு மட்டும் என்றார்கள். சூட்கேஸ் தூக்கினான். பாண் துண்டை உருக்கின சீஸில் எப்படித் தோய்ப்பது என்று காட்டினான். தொலைந்த குடைகளைத் தேடிக் கொடுத்தான். தன்னைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கச் சொல்லித் தலைமைச் சமையல்காரரிடம் இரண்டு தரம் போய்க் கேட்டான். "அடுத்த சீசனில் பார்ப்போம்," என்றார் அவர். அவன் திரும்பவும் சமையற்கட்டு வேலைக்கு வரவேயில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் அந்தக் கத்திகளை எடுத்துத் தீட்டிவிட்டுத் திரும்பச் சுற்றி வைப்பான்.

ஒரு பின்னேரம், சமையற்கட்டில் ஒருவரும் இல்லாத நேரம், அவன் தன் கமராவோடு ஒஃபிசுக்கு வந்தான். எங்கிருந்தோ ஒரு நீளத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் எடுத்துப் போட்டிருந்தான். பெரிய அடுப்புக்கு முன்னால் செம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எடு," என்றான். நான் எடுத்தேன். இரண்டு தரம் எடுத்தேன், முதலாவதில் அவன் சிரிக்கவில்லை என்று.

"வீட்டுக்கு அனுப்பவோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"உண்மையைச் சொன்னால் என்ன?"

"நீ சொன்னியா?" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை நாங்கள் எடுக்கவில்லை. அவன் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனான். இரண்டு கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஒசாக்கா நிலையத்திலிருந்து தகப்பன் என்னைச் சின்ன ரயில் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார். நாலைந்து தரிப்புத் தாண்டி இறங்கி, கடைத்தெரு ஒன்றைக் கடந்து, ஒரு வளைவில் திரும்பியதும் சத்தம் எல்லாம் நின்றது. இவ்வளவு பெரிய நகரத்துக்குள் இப்படி ஒரு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒழுங்கையில் ஒரு கார் மட்டும்தான் போகலாம். நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் சிறிய மரவீடுகள், இடையில் ஆள் நுழைய முடியாத இடைவெளி. தலைக்கு மேலே மின்கம்பிகள் பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு வாசலிலும் பூச்சட்டிகள். மாடிக் கம்பிகளில் மெத்தைகள் தொங்கின, எங்கோ ஒரு பெண் மெத்தையைத் தடியால் அடிக்கும் சத்தம் கேட்டது. வீடுகளுக்குள் தண்ணீர் ஓடுவதும் வானொலி பாடுவதும் வெளியே கேட்டன. எல்லாம் கேட்டும் அமைதியாக இருந்தது.

சுவிசிலும் அமைதி உண்டு. அங்கே அது சட்டம். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கக்கூடாது, வெறும் போத்தல்களைத் தொட்டியில் போடக்கூடாது, பத்து மணிக்குப் பிறகு குளிக்கக்கூடாது என்று தாளில் எழுதி மாடிப்படியில் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் அதை மீறிவிடுவோமோ என்று பயந்து பயந்து நடப்போம். இந்த ஒழுங்கையில் ஒரு தாளும் ஒட்டியிருக்கவில்லை.

ஒழுங்கை முகப்பில் ஒரு சின்னப் பொலிஸ் நிலையம், ஒரு அறை அளவுதான். வாசலில் நின்ற பொலிஸ்காரரைக் கண்டதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. சுவிசில் பெரிய ரயில் ஸ்டேசன்களில் என்னைப் போன்றவர்களைப் பொலிஸ் மறித்து அனுமதித் தாள் கேட்காத மாதம் கிடையாது. அந்தப் பொலிஸ்காரர் என்னைப் பார்த்துக் குனிந்தார். நான் விளங்காமல் நின்றேன்.

"நேற்று வந்து சொல்லி வைத்தேன்," என்றார் தகப்பன். "என் மகனோடு வேலை செய்தவர் வருகிறார் என்று. ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்."

அவர் கப்பல் கம்பனி ஒன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். தாய்க்கு ஜப்பான் மொழி மட்டும்தான். என்னைக் கண்டதும் வாசலில் முழங்காலில் இருந்து குனிந்தார். நானும் குனிந்து, எப்போது நிமிர்வதென்று தெரியாமல் அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே அறைச் சுவரில், சட்டம் போட்டு, அந்தப் படம் தொங்கியது. நீளத் தொப்பி, செம்புச் சட்டி, சிரிப்பு. இரண்டாவதாக எடுத்த படம்.

முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முதல் தகப்பன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். தாய் பக்கத்தில் இருந்தார்.

"மகன் திரும்பி வந்தபோது இந்த ஒழுங்கையே வந்து வாழ்த்தியது," என்றார். "என் பழைய நண்பர் ஒருவர் நகரத்தில் ஐரோப்பியச் சாப்பாட்டுக்கடை திறக்க இருந்தார். தலைமைச் சமையல்காரராக இவனை எடுக்கும்படி அவரிடம் கேட்டேன். அவர் சம்மதித்தார். திறப்பதற்கு முதல் கிழமை இவன் ஒரு பையோடு வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஏனென்று சொல்லவில்லை. வடக்கே, பனிமலைப் பக்கம் ஒரு விடுதியில் இருக்கிறான். வரவேண்டாம் என்று அட்டை போட்டிருந்தான்." பிறகு, "சுவிசில் அவனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

நான் தாயைப் பார்த்தேன். அவருக்கு நாங்கள் கதைத்தது விளங்கவில்லை, ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் நடக்கவில்லை," என்றேன். "நல்ல வேலைக்காரன். எல்லாரும் விரும்பினார்கள்."

தகப்பன் அதை மொழிபெயர்த்தார். தாய் தலையாட்டிவிட்டு எனக்குச் சோறு போட்டார். ஒட்டுகிற சோறு.

அடுத்த நாள் காலையில் எழும்பி மாடி யன்னலால் பார்த்தேன். எதிர்வீட்டுக் கிழவி வாளியில் தண்ணீர் எடுத்துவந்து அகப்பையால் வாசலில் தெளித்துக்கொண்டிருந்தார். தன் வாசல் முடிந்ததும் பக்கத்து வாசலிலும் கொஞ்சம் தெளித்தார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை நம்பித்தான் கமராவைத் தந்தான். இவர்கள் என்னை நம்பித்தான் கூப்பிட்டார்கள். யாருக்காவது ஒருவருக்கு நான் துரோகம் செய்யத்தான் வேண்டும். அவனுக்குத் துரோகம் செய்தால் அவன் முகத்தை நேரே பார்க்க வேண்டியதில்லை. அது எனக்குச் சுகமான வழியாகவும் இருந்தது. அதனாலேயே அதில் எனக்குச் சந்தேகமும் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தகப்பன் வழக்கமாக நடக்கப் போவார். நானும் போனேன். ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்து தண்டவாளத்தைக் கடக்கும் இடத்துப் படலை வரைக்கும் வந்தோம்.

"நீங்கள் நேற்றுக் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை," என்றேன்.

அவர் நிற்கவில்லை. நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெயிஸ்கோட், சூட்கேஸ், 'அடுத்த சீசன்', கட்டிலுக்குக் கீழே கத்திகள். பாதியில் படலை மணி அடிக்கத் தொடங்கியது. தடி இறங்கியது, நாங்கள் நின்றோம். ரயில் கடந்து போகும்போது அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் மனம் வரவில்லை.

தடி எழும்பியும் அவர் கடக்கவில்லை. "அந்தப் படம்?" என்றார்.

"நான்தான் எடுத்தது."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்," என்றார். பிறகு, "நானும் ஒரு சொல் கேட்கவில்லை. படம் வந்தது. சட்டம் போட்டேன்," என்றார்.

திரும்பி வரும்போது வழியில் கண்ட எல்லாருக்கும் வழமைபோலக் குனிந்து வணக்கம் சொன்னார். வீட்டுக்குப் போனதும் என்னை அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, தாயைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார். சுவர் மெல்லியது. அவர் குரல் நெடுநேரம் கேட்டது. தாயின் குரல் கேட்கவேயில்லை. பிறகு தாய் வந்து என் முன்னால் இருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். தகப்பன் மொழிபெயர்த்தார். அங்கே குளிர் அவனுக்குத் தாங்கியதா? சூட்கேஸ்கள் எவ்வளவு பாரம்? வந்த சனம் அவனோடு மரியாதையாகக் கதைத்ததா?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சீஸ் மணம் பிடிக்காமல் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும் வயதானவர்களை அவன் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். மனேஜருக்குச் சொல்லாமல் சமையற்கட்டுப் பின்கதவுக்கு வந்து, வெறும் சூப்பும் சோறும் கெஞ்சி வாங்கிக்கொண்டு போவான். வெறும் கோப்பைகள் என்னிடம் கழுவ வரும்போதுதான் எனக்குத் தெரியும். ஒருமுறை புறப்படும் நேரம் ஒரு கிழவி பஸ்சிலிருந்து திரும்ப இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து அழுதார். அந்த வேலையை அவன் வெறுத்தான். ஆனால் அவனைப் போல் அதைச் செய்த ஆளை நான் அந்த ஹோட்டலில் காணவில்லை.

தாய் அழுதார். பிறகு எழும்பிப் போய் மீன் வெட்டத் தொடங்கினார்.

மறுநாள் விடிய நான் கீழே இறங்கியபோது தகப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "விருந்தாளியை விட்டுப் போவது மரியாதை இல்லை," என்றார். "ஆனால் இன்று மகனிடம் போகாவிட்டால் நான் இனி ஒருநாளும் போகமாட்டேன்." மன்னிப்புக் கேட்டுக் குனிந்துவிட்டு வடக்குக்கு ரயில் ஏறப் போய்விட்டார்.

வீட்டில் நானும் தாயும். இருவருக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. அன்று முழுவதும் மழை. அவர் தைத்துக்கொண்டிருந்தார், நான் யன்னலடியில் இருந்து ஒழுங்கையைப் பார்த்தேன். ஒரு லொறி ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டு மெதுவாகப் போனது. எதிர்வீட்டுக் கிழவி பழைய பேப்பர்க் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கழிவறைத் தாள் சுருள்கள் கொடுத்தார்கள். நான் சிரித்ததைக் கண்டு தாயும் சிரித்தார்.

ஐந்தாம் நாள் வெயில் எறித்தது. தாய் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து என்னையும் வரச்சொல்லிக் கையசைத்தார். கடைக்குப் போகிறோம் என்று நினைத்தேன். எதிர்வீட்டு மணியை அடித்தார். கிழவி வந்தார். தாய் என்னைக் காட்டி ஏதோ சொன்னார், மகன் பெயர் வந்தது. பிறகு இரண்டு கைகளாலும் பாரமான சூட்கேஸ் இரண்டைத் தூக்குவது போலக் காட்டினார். கிழவி என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். இருவரும் குனிந்தார்கள். அடுத்த வீடு. திரும்பவும் மகன் பெயர், திரும்பவும் சூட்கேஸ்.

மகன் அங்கே சமைக்கவில்லை, சூட்கேஸ்தான் தூக்கினான் என்று அவர் வீடு வீடாகச் சொல்கிறார் என்பது மூன்றாவது வீட்டில்தான் எனக்கு விளங்கியது. காது சூடாகிவிட்டது, ஓடிவிடலாம் போல இருந்தது. தாயின் முகமும் சிவந்துதான் இருந்தது, குரல் ஒரு வீட்டில் நடுங்கியது. ஆனால் ஒரு வீட்டையும் அவர் விடவில்லை. நான் சாட்சி போலப் பக்கத்தில் நின்றேன். கடைசி வீட்டில் இருந்த கிழவர் கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். தாய் திகைத்து நின்றார். கிழவர் தன் தோளைத் தட்டி, தானும் ஏதோ தூக்குவது போலக் காட்டி, நீளமாக ஒரு கதை சொன்னார். தாயின் முகம் மெல்ல இளகியது. கிழவர் உள்ளே போய், சுவிஸ் கடைகளில் காக்கி என்று விற்கும், தக்காளி போன்ற செம்மஞ்சள் பழத்தில் நாலு கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. தாய் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஓம் என்பதற்கு ஜப்பான் மொழியில் "ஹாய், ஹாய்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் தந்தார்.

"கண்டேன்," என்றார் தகப்பன். "அவன் அதிகம் கதைக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவன் சமைத்தது. உங்களோடு கதைக்கிறானா என்று கேட்டேன். மாட்டேன் என்கிறான்."

ஆறாம் நாள் தாய்தான் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் மறையும்வரை நின்றார்.

இன்டர்லாக்கனுக்கு வந்து ஒரு மாதத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் அரைகுறை ஜேர்மனில் மூன்றே வரி. "அது என்னுடைய விசயம். நான் என்னுடைய வாயால் சொல்லியிருக்க வேண்டியது. நீ என்னிடமிருந்து அதை எடுத்துவிட்டாய்." அண்ணையிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எத்தினை வருசத்துக்குப் பிறகு சொல்லப்போறானாம்?" என்றார்.

"அது அவன்ர கணக்கு அண்ணை."

"அதுவும் சரிதான்," என்றார் அவர்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தகப்பன் அட்டை அனுப்புவார். முதல் வருடம்: மகன் வந்தான், மூன்று நாள் நின்றான், பெரும்பாலும் நித்திரை. அடுத்த வருடம்: அந்த விடுதியில் காலைச் சாப்பாட்டுப் பொறுப்பு இப்போது அவனுடையது. அதற்கடுத்த வருடம் அங்கேயே ஒரு பெண்ணைக் கலியாணம் செய்தான் என்று படம் வந்தது. படத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். என்னைப் பற்றி அவன் கேட்டதாக ஒரு அட்டையிலும் இல்லை.

நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு நாள் சரியென்று படும். இன்னொரு நாள் அவனுடைய மூன்று வரிதான் சரியென்று படும். பிறகு நான் ஆரா என்ற இன்னொரு சுவிஸ் நகரத்துக்கு வேலை மாறிப் போனேன், அங்கேயும் இரண்டு தரம் வீடு மாறினேன். மாறும்போதெல்லாம் அவனுக்கு ஒரு அட்டை போடுவேன். வேறு ஒன்றும் எழுதுவதில்லை, புது விலாசம் மட்டும். என்றைக்காவது அவனுக்கு எழுத மனம் வந்தால், எங்கே அனுப்புவதென்று தெரியாமல் நிற்கக்கூடாது.